வாசலில் வைத்த முட்டைகள்

அந்தப் பலகை மேல உட்காருங்கக்கா. ஆடாது. ஒரு கால் குட்டையாத் தெரியும். அங்க தரை மேடு, அதுக்குத் தகுந்த மாதிரி இவர் வெட்டியிருக்கார். மழை இப்போதைக்கு விடாது. இந்த மலையில ஆடி மாசம் மழை வந்தா அது பாட்டுக்கு வரும், நாம பாட்டுக்கு இருக்கணும்.

கஞ்சி குடிக்கறீங்களா? இந்தாங்க.

சரி, அப்புறமாக் குடிங்க. அடுப்போரத்துல வைக்கிறேன்.

உங்க தங்கச்சியை இவரோட ஊர்க்காரர் ஆச்சாங்குக்குக் கேக்கறாங்கன்னு இவர் சொன்னார். கூடலூர்ல இருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்து என்கிட்ட விசாரிக்கறீங்க. அதுதான் முறை. ஆனா ஒண்ணு. எனக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்னதுல இருந்தே அப்படித்தான். நீங்க மழையைப் பார்த்து உட்கார்ந்துக்குங்க. நான் அவரைக்காய் உரிச்சுக்கிட்டே சொல்றேன். தூளியில தூங்கறது ரெண்டாவது. பையன். பெரியவ அவங்கப்பாவோட மேட்டுல முள்ளங்கி பிடுங்கறா. பிடுங்கறான்னா, பிடுங்கினதை மறுபடி நடறா.

சீனாக்காரரோட குடித்தனம் எப்படின்னா, எல்லாரையும் போலத்தான். குறட்டை விடுவார். சோத்தை ரெண்டு குச்சியால சாப்பிடுவார், ஒரு பருக்கை சிந்தாது. குடிக்க மாட்டார். அடிக்க மாட்டார். அது பழகறதுக்குத்தான் எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. தமிழ் பேசுவார். ஜெயில் வார்டர்கிட்டக் கத்துக்கிட்ட தமிழ், அதனால எல்லாமே அதட்டலா வரும். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, "எந்திரி. வரிசையில நில்லு. சாப்பிட்டியா?"ன்னார். மரியாதையாத்தான் கேட்டார். மனசுல வச்சுக்காதீங்க, ஆச்சாங்கும் அப்படித்தான் பேசுவார்.

தோட்டத்துக் கூலிக்காரங்க லைன் வீட்டுல இருந்து எங்களைத் துரத்திட்டாங்கன்னு கூடலூர்ல சொன்னாங்களா? துரத்தலைக்கா. நாங்களா வந்தோம். அது ஒரு முட்டை விஷயம். சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

இவர் கைதியா வந்தவர். மறைக்க ஒண்ணுமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளீயம் தோண்டற ஊர்ல வேலைக்குப் போயிருக்கார். அங்க ரெண்டு கூட்டத்துக்குள்ள சண்டை. நீங்க எந்தக் கூட்டம்னு கேட்டேன். சோறு போட்ட கூட்டம்னார். பிடிச்சுத் தண்டனை போட்டுக் கப்பல்ல ஏத்திச் சென்னப்பட்டணம் அனுப்பியிருக்காங்க. அங்க ஜெயில்ல இடம் போதலைன்னு இந்த மலைக்கு ஏத்தி, கொய்னா மரம் நட வச்சாங்க. காய்ச்சலுக்கு மருந்து எடுக்கற மரம். வர்ற வழியில பார்த்திருப்பீங்க, பழுத்த இலை ரத்தச் சிவப்பா நிக்கும். அந்தச் சரிவு முச்சூடும் இவங்க நட்டது. தண்டனை முடிஞ்சதும் போகலாம்னுட்டாங்க. எங்க போகணும்னு சொல்லலை. இவர் ஓடையோரமா ஒரு துண்டு நிலம் கொத்தி முட்டைக்கோசும் அவரையும் போட்டுக்கிட்டு இங்கயே இருந்துட்டார்.

அதுக்கப்புறம்தான் எங்க சனம் வந்தது. தாது வருஷப் பஞ்சத்துல எங்கம்மா என்னைச் சத்தியமங்கலம் பக்கமிருந்து இழுத்துட்டு ஏறினாங்க. லைன்ல இருக்கறவங்க அத்தனை பேரும் அப்படி ஏறினவங்கதான். ஏறி வந்து பார்த்தா இங்க சீனாக்காரர் இருக்கார். அசலூர் ஆள் இருக்கற இடத்துல எப்படிக் குடியிருக்கறதுன்னு எங்க சனத்துக்கு ஒரு சங்கடம்.

கீழ ஊர்ல எங்களைக் கிணத்துப் பக்கம் விடமாட்டாங்க. குடத்தை வச்சுட்டுத் தள்ளி நிக்கணும், அவங்களா ஊத்தினாத்தான். இங்க கிணறு இல்லை, ஓடை. மேல்தண்ணி நாங்க எடுக்கறது, கீழ்தண்ணி சீனாக்காரர் எடுக்கறதுன்னு காரமடையான் மேஸ்திரி பிரிச்சுவிட்டார். நல்ல மனுஷன். எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணுமில்லீங்களா?

காய் விக்க வந்தாலும் அப்படித்தான். இவர் கையில இருந்து யாரும் வாங்க மாட்டாங்க. வாசல்ல கீழ வச்சுட்டுப் பின்னால நகர்ந்துக்கணும். அவங்க எடுத்துக்கிட்டுப் பதிலுக்கு அரிசியோ உப்போ கீழ வச்சுட்டு உள்ள போயிடுவாங்க. அப்புறம் இவர் வந்து எடுத்துக்குவார். அதை இவருக்குப் பழக்கினதே அவங்கதான். இவர் நல்லாப் பழகிக்கிட்டார். இதை ஞாபகம் வச்சுக்குங்க, முட்டைக்கு வேணும்.

அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. கொய்னாத் தோட்டத்துலதான் இருந்தோம். ஆனா பட்டை உரிக்கறதுதான் நாங்க, குடிக்கறது பட்டாளத்துக்காரங்க. அதுக்கப்புறம் என்னை யாராவது கட்டிக்கணும். கல்யாணமாகாம இருந்தது மேஸ்திரி மச்சினன் பொங்கியான் ஒருத்தன்தான். அவனுக்குச் சோறு போடற நிலைமையில நான் இல்லை. அந்த நேரத்துல இவர் மேஸ்திரிகிட்டப் போய்க் கேட்டார். மேஸ்திரி யோசிச்சார். ஒரு வாய் குறையுது. "கட்டிக்கோ. லைன்ல கடைசி வீட்டுல இருந்துக்கோ. நடு ஓடைத் தண்ணி எடுத்துக்கோ"ன்னார். மேல்தண்ணியும் இல்லை, கீழ்தண்ணியும் இல்லை, நடு. பாருங்க, அதுலயும் ஒரு நியாயம்.

பெரியவ பொறந்தா. இவர் சந்தோஷத்துல கோழிக்கெல்லாம் அரிசி போட்டார்.

இவங்க ஊர்ல ஒரு வழக்கம். குழந்தைக்கு ஒரு மாசம் நிறைஞ்சா முட்டையை வேகவச்சுச் சிவப்புச் சாயம் ஏத்தி அக்கம்பக்கத்துக்குத் தரணும். ஜோடியாத்தான் தரணும், ஒத்தை முட்டை ஆகாது. அதை அவங்க வாங்கிக்கிட்டாத்தான் குழந்தை ஊரோட சேரும். வாங்கலைன்னா வீட்டுக்குள்ள பொறந்ததாத்தான் அர்த்தம், ஊருக்குள்ள பொறந்ததா அர்த்தமில்லை. இதை எனக்குப் புரிய வைக்க இவர் பட்ட பாடு! வெளிய கையைக் காட்டி, குழந்தையைக் காட்டி, "உள்ள போ, உள்ள போ"ன்னார். வார்டர் தமிழ்தான்.

கோழி இட்டதெல்லாம் சேர்த்தோம். பத்தாததுக்கு இவர் கூடலூர் சந்தைக்குப் போய், முட்டைக்கோசு குடுத்து முட்டை வாங்கி, வைக்கோல் சுத்தித் தோள்ல தூக்கிட்டு வந்தார். ஒண்ணுகூட உடையலை. சிவப்புச் சாயம்தான் கிடைக்கலை. அதுக்கு யோசனை சொன்னது நான்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சா நல்ல சிவப்பு வருமேன்னேன். வந்தது. முட்டை ஒவ்வொண்ணும் அப்படி ஒரு நிறம். நானே குழைச்சு, நானே பூசினேன். எனக்கு வேற ஒண்ணும் தோணலை. புள்ளை பெத்தவளுக்குப் புத்தி கொஞ்சம் மந்தம்னு சொல்லுவாங்க.

உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும். சிரிக்காதீங்கக்கா.

கையில குடுத்தா வாங்க மாட்டாங்கன்னு இவருக்குத் தெரியும். அதனால அவங்க பழக்கின முறைப்படி, விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, வீட்டுக்கு ரெண்டா வாசல்ல வச்சுட்டு, பின்னால நகர்ந்து, வீட்டுக்கு வந்து குளிச்சுட்டுப் புதுத் துணி கட்டி உட்கார்ந்துக்கிட்டார். யாராவது வந்து குழந்தையைப் பார்ப்பாங்கன்னு.

வந்தாங்க. மொத்த லைனும் வந்தது.

முதல்ல கேட்டது மேஸ்திரி பொண்டாட்டி ரங்காத்தாளோட சத்தம். கதவைத் திறந்தா வாசல்ல செக்கச்செவேல்னு ரெண்டு முட்டை. மஞ்சள் சுண்ணாம்பு. அடுத்த வீட்டுலயும் ரெண்டு. அதுக்கடுத்த வீட்டுலயும். செய்வினைக்குக் கழிப்புக் கழிச்சு நாற்சந்தியில வைக்கற முட்டைதான் அப்படி இருக்கும். அதையும் ஒண்ணே ஒண்ணுதான் வைப்பாங்க. இது வீடு தவறாம ஜோடி ஜோடியா இருக்கு. மொத்த லைனையும் ஒரேயடியா முடிச்சுவிட்டான் சீனாக்காரன்னு ரங்காத்தா வயித்துல அடிச்சுக்கிட்டா.

எனக்குத் தீட்டு முழுசாக் கழியலை, வாசல் தாண்டக்கூடாது. உள்ளயிருந்தே மெல்ல, "புள்ளைக்கு மாசம் நிறைஞ்சதுக்குங்க"ன்னேன்.

"எந்தப் புள்ளைக்கு?"ன்னா ரங்காத்தா.

"எம்புள்ளைக்குத்தானுங்க."

"அது பொட்டப் புள்ள. பொட்டப் புள்ளைக்கு எவன்டி ஊர் முச்சூடும் முட்டை குடுப்பான்? கேட்டீங்களா சனங்களே, பொய்யுஞ் சொல்லத் தெரியலை இவளுக்கு!"

அது சரியாத்தான் இருந்தது. எங்க சனத்துல யாரும் குடுக்க மாட்டாங்க.

முட்டையைக் கையால தொடாம, விளக்குமாத்தால தள்ளித் தள்ளி ஓடைப் பள்ளத்துல கொண்டு போட்டாங்க. பஞ்சத்துல வேர் தோண்டித் தின்னவங்க, ஒருத்தர்கூட ஒண்ணு எடுக்கலை. கட்டுப்பாடுன்னா அது கட்டுப்பாடு. பொங்கியான் மட்டும்தான் பள்ளத்துல இறங்கி உட்கார்ந்து எல்லாத்தையும் தின்னுட்டான். அக்காக்காரி ரங்காத்தா வந்து பார்க்கறப்ப அவனைச் சுத்தி ஓடு.

அவ்வளவு முட்டை தின்னா யாருக்குத்தான் முடியும்? போய்ப் படுத்துட்டான். ரங்காத்தா ஒப்பாரியே வச்சுட்டா. மேஸ்திரி பொறுமையாப் பேசினார். "பார்க்கலாம். பொங்கியானுக்கு ஏதாவது ஆச்சுன்னா சீனாக்காரன் செஞ்சது ருசுவாயிடும். ஒண்ணும் ஆகலைன்னா யோசிக்கலாம்"னார். இதைவிட நியாயமா யார் பேசுவாங்க?

அப்ப எங்க குடித்தனம், வீடு, தண்ணி எல்லாம் பொங்கியான் வயித்துல இருந்தது.

அவன் ஆயுசுல முதல் தடவையா ஒரு பெரிய மனுஷன் ஆனான். காலையில எழுந்து உட்கார்ந்தா ஊரே ஓடிவந்து முகத்தைப் பார்க்குது. "எப்படிடா இருக்கு?"ன்னு மேஸ்திரியே கேக்கறார். அவனுக்கு உடனே எழுந்திருக்க மனசு வருமா? "கண்ணு இருட்டுது மாமா"ம்பான். நல்லரிசிக் கஞ்சி வரும். "நெஞ்சை அடைக்குது"ம்பான். கோழிச் சாறு வரும். பூசாரி வந்து பார்த்துட்டு, கை வைக்கப் பயந்து திரும்பிட்டார். யாரும் சரியா வேலைக்குப் போகலை. தோட்டத்துல கணக்கு எழுதற ரைட்டர் வந்து, "எவனாவது செத்தானா? சாகலைன்னா பட்டை உரிக்க வாங்க. செத்தா அரை நாள் லீவு"ன்னுட்டுப் போனார். பொங்கியான் அதைக் கேட்டுட்டு, "என்னால சனத்துக்குக் கஷ்டம்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் சாறு கேட்டானாம்.

அவன் கோழிச் சாறு குடிக்கக் குடிக்க இங்க எங்களுக்கு ஒவ்வொண்ணா நின்னது. காய் வாங்கறது நின்னது. நடு ஓடைத் தண்ணி நின்னது. தீட்டுக் கழிஞ்சு நான் தூளி கட்டற கயிறு கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினா, உள்ள பேச்சு நிக்குது, கதவு திறக்கலை.

இவருக்குப் பாதிதான் புரிஞ்சது. யாரோ முட்டை தின்னு உடம்பு சரியில்லைன்னு மட்டும் புரிஞ்சது. வேகாத முட்டையைக் குடுத்துட்டோமோன்னு இவருக்கு ஒரே கவலை. உடனே மருந்து பண்ணினார். பட்டையை எடுத்தா திருட்டு, ஜெயில். அதனால நான் பட்டை உரிக்கப் போறப்ப இடுப்புல கட்டற சாக்கை எடுத்தார். பட்டைச் சாறு ஊறி ஊறிக் கறுத்துப்போன சாக்கு. அதைப் பானையில போட்டுக் கொதிக்க வச்சு வடிகட்டி எடுத்துக்கிட்டுப் போனார். மேஸ்திரி வாசல்ல வச்சார். பின்னால நகர்ந்துக்கிட்டார். "குடி. எந்திரி"ன்னார்.

ரங்காத்தா தயங்கினா. ஆனா பொங்கியான் அன்னிக்குப் பார்த்துக் கொஞ்சம் அதிகமா முனகிட்டான், அடுத்த கோழிக்காக. பயந்துபோய் நாலு பேர் கையைக் காலைப் பிடிச்சு வாயில ஊத்திட்டாங்க.

நீங்க கொய்னாக் கசப்பு பார்த்ததில்லையே? வேண்டாம். சாக்கு அழுக்கும் சேர்ந்த கசப்பு அது. பொங்கியான் கத்தினது தொரை பங்களா வரைக்கும் கேட்டதாம். கட்டிலைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, ஓடையில போய் விழுந்து வாயைக் கழுவிக்கிட்டே கும்பிடு போட்டான். "எனக்குச் சரியாயிடுச்சு. சுத்தமாச் சரியாயிடுச்சு. நான் வேலைக்குப் போறேன்!" அவன் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

அப்பாடான்னு நான் மூச்சு விட்டேன். அவ்வளவுதான், ஒண்ணும் ஆகலை, இனி யோசிப்பாங்கன்னு. யோசிக்கத்தான் செஞ்சாங்க. சாயங்காலம் லைன் முன்னாடி கூடினாங்க. என்னையும் குழந்தையோட வரச்சொன்னாங்க. பொங்கியானை நடுவுல நிறுத்தி மேஸ்திரி கேட்டார்.

"முட்டை எப்படிடா இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு மாமா. உப்புதான் கொஞ்சங் கம்மி."

"அதைக் கேக்கலைடா. உனக்கு எப்படிச் சரியாச்சு?"

"சீனாக்காரர் குடுத்த தண்ணியில."

ரங்காத்தா உடனே எழுந்துட்டா. "போதுமா? நம்ம பூசாரியே கை வைக்கப் பயந்ததை இவன் ஒரு வாய்த் தண்ணியில எடுத்துட்டான். வச்சவனுக்குத்தானே எடுக்கத் தெரியும்?"

எல்லாரும் ஆமாம்னாங்க. எனக்கே ஒரு நிமிஷம் ஆமாம்னுதான் தோணுச்சு. அவங்க பேச்சுல ஓட்டையே கிடையாது பாருங்க. பொங்கியான் செத்திருந்தாலும் இவர், பொழைச்சாலும் இவர்.

மேஸ்திரி என்னைப் பார்த்து இரக்கமாச் சொன்னார். "பொண்ணு, உன் மேல யாருக்கும் கோபமில்லை. நீ நம்ம சனம். நீ இருந்துக்கோ. அவன் போகட்டும்."

"குழந்தை?"ன்னு யாரோ கேட்டாங்க.

அங்கதான் வழக்கு இழுத்துப்போச்சு. ரங்காத்தா வந்து குழந்தை முகத்தைத் தூக்கிப் பார்த்தா. கண்ணு அவன் சனம்னா. நிறம் நம்ம சனம்னு இன்னொருத்தி. முடியைத் தடவிப் பார்த்து, கோரையா இருக்கு, அவன் சனம்னாங்க. குடிக்கறது நம்ம பொண்ணு பால், அதனால நம்ம சனம்னாங்க. கடைசியில மேஸ்திரி எல்லாருக்கும் பொதுவா ஒரு தீர்ப்புச் சொன்னார். பால் மறக்கற வரைக்கும் குழந்தை நம்ம சனம். பால் மறந்ததும் அவன் சனம். அப்ப அவன் வந்து கூட்டிட்டுப் போகலாம்.

கூட்டத்துல பேச எனக்கு வராதுக்கா. குழந்தை அழுதது. நான் எழுந்து ஓடைப் பக்கமா நடந்தேன். துணி அலசப் போறேன்னு நினைச்சு வழி விட்டாங்க. ஓடையில இறங்கினேன். தண்ணி முழங்காலுக்கு மேல. அந்தப் பக்கம் ஏறி, ஒரு பாறை மேல உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் குடுத்தேன். அவ்வளவுதான். திரும்பிப் போகலை.

இவர் பாவம், கூட்டத்துல கைகட்டி உட்கார்ந்து ஒவ்வொருத்தர் வாயா மாறி மாறிப் பார்த்துட்டிருந்தாராம். தீர்ப்பு தனக்கு நல்லபடியா ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டார். பொங்கியான்தான் தோளைத் தட்டி, "உம் பொண்டாட்டி அக்கரையில உட்கார்ந்திருக்கா"ன்னு காட்டினானாம். மண்வெட்டியும் கோழியும் எடுத்துக்கிட்டு வந்துட்டார். வந்து, "ஏன்?"னு கேட்டார். பால் குடுக்கறேன்னேன்.

இப்ப நாம உட்கார்ந்திருக்கறது அந்தப் பாறைக்கு மேலதான். இந்தச் சரிவு தொதவங்களது. எருமை மேய்க்கற இடம். மறுநாள் அவங்க போர்வையைப் போர்த்திக்கிட்டு வந்து நின்னு பார்த்தாங்க. எங்கிருந்து வந்தீங்க, எந்தச் சனம், ஒரு வார்த்தை கேக்கலை. எருமை மிதிச்சுடும், வேலி போட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. காட்டு சனம், அவங்களுக்கு ஊர் நியாயம் தெரியாதில்லையா.

இவருக்கு ஒரு அண்ணன் உண்டு. எங்கயோ வெள்ளைக்காரங்க ஊர்ல ரயில் பாதை போட மலை குடையப் போனாராம். ஊட்டிக்குப் பட்டு விக்க வந்த சீனாக்காரர் ஒருத்தர் சேதி சொன்னார். பாதை போட்டு முடிச்சதும் அங்க சட்டம் போட்டுட்டாங்களாம், இனிமே சீனாக்காரர் யாரும் கரை இறங்கக்கூடாதுன்னு. இருக்கற குடிசைக்கும் தீ வச்சாங்களாம். அவர் அங்க யாருக்கு முட்டை வச்சாரோ, பாவம்.

உங்க தங்கச்சிக்கு நான் என்ன சொல்றது? ஆச்சாங் நல்லவர். பன்னி வளக்கறார், அவர் வீட்டு வேலி இதைவிட ஒசத்தி. வந்தா எனக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும். அதுக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் பேசறவ இல்லை.

எழுந்திருக்காதீங்கக்கா, இன்னும் விடலை. ஒரே ஒரு சமாச்சாரம்.

தூளியில தூங்கறானே, இவனுக்கு இன்னிக்கு மாசம் நிறையுது. காலையிலயே வேகவச்சாச்சு. மஞ்சள் சுண்ணாம்பு வேண்டாம்னு சொல்லிட்டேன். தொரை பங்களாவுக்குப் போடற பீட்ரூட்டை வேகவச்ச தண்ணியில ஊறப்போட்டோம். கழிப்பு மாதிரி இல்லை, பாருங்க, ரோசாப்பூ நிறம். இந்த முறை உப்பும் போட்டிருக்கேன்.

இந்தப் பக்கம் அக்கம்பக்கம்னு யாரும் இல்லை. தொதவங்க முட்டை தொட மாட்டாங்க. ஆச்சாங் நம்ம ஆளு, அது சேராது. பொங்கியான் ஓடையைத் தாண்டி வந்து வாங்கிப்பான். ஆனா அவன் எதைக் குடுத்தாலும் வாங்கறவன், அவன் வாங்கினதை எப்படிச் சேத்திக்கறது? ஒரே ஒரு ஆள் வாங்கினாலும் போதும்னு இவர் சொல்றார். பெரியவளுக்கு அதுகூட ஆகலை. இவனுக்காவது ஆகட்டும்னு காலையில இருந்து பாதையைப் பார்த்துட்டே இருந்தேன். நீங்கதான் வந்தீங்க.

இதை வாங்கிட்டா கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னதா ஆகாது. அது வேற, இது வேற.

இந்தாங்க. ரெண்டு.

கை ஈரமா இருக்குங்களா? பரவாயில்லை, சாயம் ஒட்டாது.

சரி, சரி. அதுக்கென்ன. இப்படிச் செய்யலாம். பலகை ஓரத்துல வச்சுடறேன். வச்சுட்டேன். நான் பின்னால நகர்ந்து அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன். எடுத்துக்கிட்டதும் ஒரு குரல் குடுங்க, திரும்பறேன்.

குரல் வரலைன்னாலும் ஒண்ணுமில்லைக்கா. மழைச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலைன்னு வச்சுக்கறேன்.